கன்னியாகுமரின்னா சூரிய உதயம் மட்டும்தானா? தக்கலையில் தங்கி 2 நாள் சுற்ற முழு விவரம்!

கன்னியாகுமரி டூர் என்றாலே நம்மில் பலருக்கு ஒரே பிளான்தான். ராத்திரி ரயில் ஏறி, காலையில் சூரிய உதயம் பார்த்து, விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம், போற வழியில் சுசீந்திரம். சாயங்காலம் திரும்பும் வண்டி. "குமரி பாத்தாச்சு" என்று ஸ்டேட்டஸ்.

ஆனால் அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் மேற்கே போனால் ஊரே வேறு மாதிரி இருக்கும். நாஞ்சில் நாட்டு நெல்வயல் முடிந்து, ரப்பர் தோட்டம் தொடங்கும். மரத்தாலேயே கட்டிய அரண்மனை, ஆற்றுக்கு மேலே நடந்து போகும் தொட்டிப்பாலம், 9-ம் நூற்றாண்டு சமணச் சிற்பங்கள், தேன் பெட்டிகள். எல்லாமே ஒன்றிலிருந்து ஒன்று அரை மணி, முக்கால் மணி நேர தூரத்தில்.

இத்தாலியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மோந்தல்சீனோ மாதிரி குட்டி ஊர்கள் இருக்கு. அங்கே போறவங்க ரோமில் இருந்து ஓடிப்போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வர மாட்டாங்க. அந்த ஊரிலேயே ரெண்டு ராத்திரி தங்கி, அந்த மண்ணில் விளையறதைச் சாப்பிட்டு, மெதுவா சுத்துவாங்க. நம்ம ஊரில் அப்படித் தங்கிப் பார்க்க ஏற்ற இடம் எதுன்னு கேட்டா, தக்கலையைத் தாராளமா சொல்லலாம்.

ஒரே ஒரு சிக்கல். இந்தப் பக்கம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நேரம் இருக்கு. அரண்மனை திங்கட்கிழமை திறக்காது. கோயில் நடை மதியம் சாத்திடுவாங்க. அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்க விட மாட்டாங்க. எங்கே போறோம் என்பதைவிட எந்த வரிசையில் போறோம் என்பதுதான் இங்கே முக்கியம். வரிசை மாறினால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

எந்த மாசம் போகலாம்?

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. ஊர் பச்சையாக இருக்கக் காரணம் இதுதான். பிளான் சொதப்பவும் காரணம் இதுதான்.

மழை குறைந்து, வெயிலும் ஏறாத டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சுற்ற வசதியான காலம். ஆனால் நவம்பரில் இருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்களின் வேன்கள் கன்னியாகுமரி, சுசீந்திரம், பத்மநாபபுரம், திற்பரப்பு என்று வரிசையாக வரும். கூட்டம் பிடிக்காதவங்க பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து வரலாம். அருவிதான் முக்கியம்னா ஜூன் முதல் நவம்பர் வரை பாருங்க, ஆனா மழைக்கும் தயாரா வாங்க.

எப்படிப் போவது?

சென்னையில் இருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி ரயில்கள் இருக்கு. 2024 ஆகஸ்ட் 31 முதல் எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் ரயிலும் ஓடுது. நாகர்கோவிலில் இருந்து தக்கலைக்கு சுமார் 15 கிலோமீட்டர்தான், பஸ் நிறைய இருக்கு. தக்கலைக்குப் பக்கத்திலேயே இரணியல் ரயில் நிலையமும், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் குழித்துறை ரயில் நிலையமும் உண்டு. எல்லா ரயிலும் அங்கே நிற்காது என்பதால் டிக்கெட் போடும்போதே பார்த்துக்கோங்க. விமானத்தில் வர்றவங்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம்.

ரெண்டு நாளில் முதல் நாளுக்கு பஸ்ஸும் ஆட்டோவும் போதும். ரெண்டாவது நாளுக்கு மட்டும் ஒரு கார் பேசிக்கிட்டா நல்லது. திருவட்டாறு, மாத்தூர், திற்பரப்பு மூன்றுக்கும் பஸ் உண்டுதான். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போயிடும். வளைவும் ஏற்ற இறக்கமுமான ரோடு வேற, மேப்பில் 10 கிலோமீட்டர்னு காட்டறதை 10 நிமிஷத்தில் போயிடலாம்னு கணக்குப் போடாதீங்க.

தக்கலையில் சாதாரண லாட்ஜ்கள் கிடைக்கும். கொஞ்சம் வசதியா வேணும்னா நாகர்கோவில் போயிடலாம். கன்னியாகுமரியிலேயே ரூம் போட்டுட்டு இங்கே தினமும் வந்து போறது மட்டும் வேண்டாம். போக வரவே நேரம் சரியா இருக்கும்.

முதல் நாள்: அரண்மனைக்கு அவசரம் ஆகாது

தக்கலையில் இருந்து சுமார் 2 கிலோமீட்டரில் பத்மநாபபுரம். காலை 9 மணிக்குத் திறப்பாங்க. அந்த நேரத்துக்கே வாசலில் இருங்க. சுற்றுலா பஸ்கள் வந்து இறங்க ஆரம்பிச்சதும், ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய மரப்படிகளில் முன்னாடி இருக்கறவர் முதுகைத்தான் பார்க்க முடியும். மதியம் ஒரு மணி நேரம் டிக்கெட் கவுன்டர் மூடியிருக்கும். மாலை நாலரைக்கு முடிஞ்சிடும். திங்கட்கிழமை விடுமுறை.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம் இருக்கு. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என நாலு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் மன்னர்களின் இந்த அரண்மனை மட்டும் கேரளத்தின் பொறுப்பிலேயே தொடர்ந்தது. அதனால்தான் உள்ளே மலையாள போர்டுகளும், கேரள அரசு ஊழியர்களும். பண்டிகை நாட்களில் போறதா இருந்தா, கேரள விடுமுறையையும் சேர்த்துப் பார்த்துக்கணும் என்பதற்கும் இதுவே காரணம்.

1601 வாக்கில் வேணாட்டு மன்னர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கிய கட்டடம் இது. அப்போ ஊருக்குப் பெயர் கல்குளம். 1750-ல் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்து, "நான் பத்மநாப தாசன்" என்று சொல்லி ஆண்டார். ஊர் பத்மநாபபுரம் ஆனது அந்தச் சமயத்தில்தான். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அரண்மனை அப்படியே நின்றுவிட்டது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

அரண்மனைன்னதும் மைசூர் மாதிரி தங்கமும் கண்ணாடியும் எதிர்பார்த்துப் போறவங்க ஏமாந்து போவாங்க. இங்கே எல்லாமே மரமும் ஓடும்தான். முகப்பு மண்டபத்தில் நுழைந்ததும் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்க. 90 பூக்கள் செதுக்கியிருக்காங்க, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அங்கே தொங்கும் குதிரை விளக்கையும் விட்டுடாதீங்க. மேலே மந்திரசாலை. மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை செய்த இடம். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் மரச் சட்டங்கள் வழியே காற்று வந்துகிட்டே இருக்கும்.

கீழே தரையைக் கவனிக்காமல் போறவங்கதான் அதிகம். கறுப்புக் கண்ணாடி போல் மின்னும் அந்தத் தரை, சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சில தாவரச் சாறுகள் சேர்த்துப் போட்டதாகச் சொல்றாங்க. செருப்பை வெளியே விடச் சொல்வது இதற்காகவும்தான்.

ஊட்டுப்புரை இன்னொரு ஆச்சரியம். கீழே 1,000 பேர், மேலே 1,000 பேர் என்று உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீளமான கூடம். பக்கத்தில் ஆள் உயர ஊறுகாய்ப் பரணிகள். மன்னர் படுத்த மூலிகைக் கட்டில் 64 மரத்துண்டுகளால் ஆனது என்பார்கள். இவ்வளவையும் தாண்டி, அரண்மனையிலேயே பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்துக்குள் ஒரு பத்து நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. நடுவில் முற்றம், சுற்றிலும் திண்ணை, செதுக்கிய தூண்கள். பெரிய வீடு மாதிரிதான் இருக்கு, அரசன் வீடுன்னு தோணாது.

சினிமா ரசிகர்களுக்கு ஒரு தகவல்: 'சந்திரமுகி'க்கு மூலமான 1993-ம் ஆண்டு மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' இங்கேயும் படமாக்கப்பட்டது. "எங்க அந்த ரூம்?" என்று கேட்காத டூரிஸ்ட்டே கிடையாது.

ரெண்டு மணி நேரமாவது ஒதுக்குங்க. நாற்பது நிமிஷத்தில் முடிச்சுட்டு "ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டு வெளியே வர்றவங்களும் இருக்காங்க. அதுக்கு அரண்மனை என்ன பண்ணும்?

புரட்டாசி, ஐப்பசி வாக்கில் நவராத்திரிக்கு முன்னாடி வந்தீங்கன்னா இன்னொரு அதிர்ஷ்டம் உண்டு. பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று சுவாமி விக்ரகங்களும் இங்கிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகும். மன்னரின் உடைவாள் கைமாறும் சடங்கு அரண்மனைக்குள் நடக்கும். இரண்டு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்தும் விழா இது. தலைநகரம் மாறி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், சரஸ்வதி இன்னும் வருஷத்துக்கு ஒரு தடவை போய் வந்துகொண்டுதான் இருக்கிறாள்.

மதியத்துக்குப் பிறகு?

சாப்பிட்டுவிட்டுப் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குப் போகலாம். நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கு. 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டச்சு தளபதி டிலனாயையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். இந்தக் கோட்டையைப் பலப்படுத்தியதும் அவர்தான். 1777-ல் இறந்த டிலனாயின் கல்லறை உள்ளேயே இருக்கு. லத்தீனோடு தமிழிலும் கல்வெட்டு பொறித்திருப்பார்கள்.

டிலனாய் பெயரோடு சேர்த்து இந்தப் பகுதியில் இன்னொரு பெயரும் வரும். அரண்மனை அதிகாரியாக இருந்து, டிலனாய் மூலம் கிறிஸ்தவம் அறிந்து, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் இவரைப் புனிதராக அறிவித்தார். அடக்கம் செய்யப்பட்ட இடம் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயம். ஊர் திரும்பும்போது ரயிலுக்கு நேரம் இருந்தால் அங்கே போய் வரலாம்.

மாலையில் வேளிமலை குமாரகோயில். மலையடிவாரத்தில் அமைதியான முருகன் கோயில். தக்கலை ஊருக்குள்ளேயே சூஃபிக் கவிஞர் பீர்முகமது அப்பாவின் தர்காவும் இருக்கு. ரஜப் மாதத்தில் நடக்கும் ஆண்டு விழாவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை ராத்திரி முழுக்கப் பாடுவது இங்கே பெரிய நிகழ்ச்சி.

இரண்டாவது நாள்: கோயிலில் இருந்து தொடங்குங்க

இதுதான் வரிசை தப்பக்கூடாத நாள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் நடை மதியம் சாத்தினால் மாலை 5 மணி வாக்கில்தான் திறக்கும். முதலில் அருவிக்குப் போய்க் குளிச்சுட்டு, ஈரத் துண்டோடு பன்னிரண்டரைக்கு இங்கே வந்து நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். காலை ஏழு மணிக்கெல்லாம் கோயிலில் இருங்க.

108 திவ்ய தேசங்களில் ஒன்று, நம்மாழ்வார் பாடிய தலம். 22 அடி நீளத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். மூன்று வாசல் வழியாக முகம், உடல், பாதம் என்று தனித்தனியாகத்தான் தரிசிக்க முடியும். திருவனந்தபுரம் கோயிலுக்கும் மூத்தது என்பது இந்த ஊர்க்காரர்களின் பெருமை. 2022 ஜூலை 6-ல் இங்கே கும்பாபிஷேகம் நடந்தது, 418 வருஷத்துக்குப் பிறகு! நம்ம பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் தாண்டினாலே ஊரில் பேச்சு வந்துடும்.

மலையாள நாட்டு முறை என்பதால் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். வேட்டி கொண்டு வந்துடுங்க. பிரகாரத்தில் விளக்கு ஏந்திய பாவைகள் செதுக்கிய கல் தூண்கள் வரிசையாக நிற்கும். சன்னதியில் தள்ளுமுள்ளு இல்லாத காலை நேரத்தில் அந்தப் பிரகாரத்தை ஒரு சுற்று நடப்பதே தனி அனுபவம்.

அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம்தான். பறளியாற்றுக்கு மேலே, ஒரு குன்றில் இருந்து இன்னொரு குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம். உயரம் 115 அடி, நீளம் சுமார் 1,240 அடி, தாங்கி நிற்பது 28 தூண்கள். 1966-ல் கட்டினார்கள். காமராஜர் பெயரோடு சேர்த்துத்தான் ஊரில் இதைப் பேசுவார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலங்களுக்குப் பாசனத் தண்ணீர் கொடுக்க வந்த திட்டம் இது. டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கணும்னு யாரும் கட்டவில்லை, இன்றைக்கும் வேலை செய்கிற கால்வாய்தான்.

தொட்டியை ஒட்டி நடைபாதை இருக்கு. கீழே பார்த்தால் தென்னை மரத்து உச்சிகூட உங்க காலுக்கு ரொம்பக் கீழே தெரியும். உயரம் பயம்னா கொஞ்ச தூரம் போய்த் திரும்பிடலாம், தப்பில்லை. காற்று பலமா இருக்கும், செல்ஃபிக்கு கையை வெளியே நீட்ட வேண்டாம். சின்னக் குழந்தைகள் கையை விடாதீங்க. பத்து மணிக்குள் போயிட்டா வெயில் தெரியாது. படி இறங்கி ஆற்றங்கரையில் இருந்து அண்ணாந்து பார்த்தால்தான் பாலத்தின் முழு உயரமும் புரியும்.

திற்பரப்பில் குளிக்கலாமா?

குலசேகரம் பக்கத்தில் கோதையாற்றில் இருக்கும் அருவி திற்பரப்பு. சுமார் 50 அடி உயரம். குற்றாலம் மாதிரி மேலே இருந்து கொட்டாமல், அகலமாகப் பரவி விழும். பக்கத்திலேயே மகாதேவர் கோயில், அருவிக்கு மேலே தடுப்பணையில் படகு சவாரி.

போவதற்கு முன்னாடி அன்றைக்குக் காலைச் செய்தியைப் பார்த்துடுங்க. மேலே பேச்சிப்பாறை அணை இருக்கு. 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிச்ச அணை. மழையில் அணை நிறைந்து உபரித் தண்ணீர் திறந்துவிட்டால் இங்கே வெள்ளம் வரும், குளிக்கத் தடை போட்டுடுவாங்க. அருவிப் பக்கம் வெயில் அடிச்சாலும் மலையில் மழை பெய்திருக்கலாம். "தண்ணி கொஞ்சமாத்தானே இருக்கு" என்று தடுப்பைத் தாண்டி இறங்குவது உயிரோடு விளையாடுவது. தடைன்னா தடைதான்.

ஞாயிற்றுக்கிழமையா இருந்தா என் யோசனை, அருவியை விட்டுடுங்க. பார்க்கிங் தேடவே ஒரு மணி நேரம் போகும். அதுக்குப் பதிலா மார்த்தாண்டம் வழியா சிதறால் போங்க. மலைமேல் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், பக்கத்தில் குடைவரை. 9-ம் நூற்றாண்டில் சமணர்கள் இருந்த இடம், 13-ம் நூற்றாண்டில் பகவதி கோயில் ஆனது. கல் பாவிய பாதையில் மெதுவா ஏறினா இருபது நிமிஷம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அந்தப் பாறையில் உட்கார்ந்தால் சுற்றிலும் தென்னையும் ரப்பரும்தான், கண்ணுக்கு எட்டிய தூரம்.

என்ன சாப்பிடலாம், என்ன வாங்கலாம்?

இங்கே மரவள்ளிக் கிழங்கை மரச்சீனி என்பார்கள். வேகவைத்த மரச்சீனியும், தேங்காய் வறுத்தரைத்த மீன் குழம்பும் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சைவம்னா அவியல், உள்ளித் தீயல். டீக்கடையில் ரசவடை, பழம்பொரி. "சக்கை வேணுமா?" என்று கேட்டால் பயந்துடாதீங்க, பலாப்பழத்தைத்தான் சொல்றாங்க. கோடையில் வந்தால் பதநீர் கேட்டுப் பாருங்க, இங்கே அதுக்குப் பெயர் அக்கானி.

மட்டிப்பழம் ஒரு சீப்பு கட்டாயம் வாங்குங்க. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த குட்டி வாழைப்பழம். இந்த ஊரில் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுவது இதைத்தான். முந்திரிக்கொத்து என்று ஒரு பலகாரம் கிடைக்கும். பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது பாசிப்பயறும் வெல்லமும்.

அடுத்தது தேன். மார்த்தாண்டம் தேனுக்கும் புவிசார் குறியீடு உண்டு. 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய கிராம முன்னேற்ற மையம்தான் பெட்டியில் தேனீ வளர்ப்பதை இங்கே பரப்பியது. இதில் சுவாரஸ்யம் என்னன்னா, இந்தத் தேனின் பெரும்பகுதி பூவில் இருந்து வருவதில்லை. ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலையுதிர்த்துத் தளிர் விடும். அந்தத் தளிர் இலையின் காம்பில் ஊறும் இனிப்புச் சாற்றைத்தான் தேனீ எடுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் தோட்டங்களுக்குள் தேன் பெட்டிகள் நிறைந்திருப்பது அதனால்தான்.

எல்லா வருஷமும் இனிப்பா இருந்ததில்லை. 1990-களின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் பரவி, தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. இந்த மாவட்டத்தில் பெட்டியை நம்பி இருந்த குடும்பங்களுக்குப் பெரிய அடி. அதில் இருந்து மீண்டு வந்த தொழில்தான் இப்போ நீங்க ரோட்டோரம் பார்ப்பது.

வாங்கும்போது, தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, எறும்பு வருதான்னு பார்ப்பது எல்லாம் நம்பகமான சோதனை இல்லை. தேன் அடியில் உறைந்திருந்தால் சர்க்கரை கலந்தது என்றும் முடிவு செய்யாதீங்க, ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், அக்மார்க் முத்திரை இருக்கான்னு பாருங்க. தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்க விற்பனைக் கடையில் வாங்குவது பாதுகாப்பு. சிறுதேன் கேட்டால் விலை பல மடங்கு சொல்வாங்க. கொசுத்தேனீக் கூட்டில் கிடைக்கும் அளவு ரொம்பக் குறைவு என்பதால் விலை அப்படித்தான் இருக்கும். ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது.

கிளம்பும் முன்...

உங்க ரெண்டு நாளில் ஒன்று திங்கட்கிழமையா வந்தால், மேலே சொன்னதை அப்படியே மாற்றிக்கோங்க. திங்கள் திருவட்டாறு பக்கம், செவ்வாய் காலை அரண்மனை. கையில் சில்லறைப் பணம் வெச்சுக்கோங்க. அரண்மனை, அருவி, பார்க்கிங் எல்லாத்துக்கும் தனித்தனிக் கட்டணம், கேமராவுக்கும் தனி.

ரெண்டு நாளும் இல்லை, ஒரே ஒரு நாள்தான் லீவு என்றால்? காலையில் திருவட்டாறு, பதினொரு மணிக்குள் அரண்மனை, சாயங்காலம் மாத்தூர். கன்னியாகுமரி சூரிய உதயத்தை இந்தத் தடவை விட்டுடலாம், அது அடுத்த தடவையும் அங்கேயேதான் இருக்கும்.